மணல் மேட்டில் ஐந்து நொடி

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. சோம்பல் ஒரு காரணம். வலது தோள்பட்டை வலி இன்னொரு காரணம். 67 வயதில் தோள் வலி என்றால் "பாத்ரூமில் வழுக்கிட்டீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை ஐயா. நான் விழுந்தது ஆகாயத்திலிருந்து. நாலடி உயரம்தான் என்றாலும் ஆகாயம் ஆகாயம்தானே! அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மகள் இருப்பது அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம், ராலே நகரம். மே மாதம் அவளுக்கு 40 வயது முடிந்தது. பிறந்த நாளுக்கு மாப்பிள்ளை ஒரு பரிசு கொடுத்தார். புடவையும் இல்லை, நகையும் இல்லை. ஹேங் கிளைடிங் வகுப்புக்கு இரண்டு டிக்கெட்! கடற்கரை மணல் மேட்டில் அரை நாள் பயிற்சி. ஆளுக்கு ஐந்து முறை பறக்கலாம் என்றார்கள். எனக்கும் என் மனைவிக்கும் சொன்னால் தடுப்போம் என்று கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்புதான் சொன்னார்கள். மறுநாளே மாப்பிள்ளைக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பறக்காமலேயே!

"அந்த டிக்கெட் வீணாப் போகுதே" என்றேன் நான், பேங்க்காரன் புத்தியில்.

"நீங்க வாங்கப்பா" என்றாள் மகள்.

சிரித்து மழுப்பினேன். வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டேன். மாப்பிள்ளையை வெந்நீர்ப் பையோடு வீட்டில் விட்டுவிட்டு, சனிக்கிழமை விடியற்காலை நான், மனைவி, மகள், ஒன்பது வயதுப் பேரன் நான்கு பேரும் காரில் கிளம்பினோம். மூன்றரை மணி நேரப் பயணம். மனைவி புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டாள். பேரன் மடியில் ஒரு புதுப் பட்டம்.

நாங்கள் போன இடத்தின் பெயர் ஜாக்கீஸ் ரிட்ஜ். நாக்ஸ் ஹெட் என்ற கடற்கரை ஊரில் இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இவ்வளவு உயரமான நடமாடும் மணல் மேடு வேறு கிடையாது. நடமாடும் என்பது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. காற்று வீச வீச மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். முன்பு பக்கத்தில் இருந்த ஒரு சின்ன கோல்ஃப் விளையாட்டுத் திடலையே மணல் மூடிவிட்டது. உயரமும் நிலையாக இருப்பதில்லை. ஏறக்குறைய 80 அடியிலிருந்து 100 அடி வரை. 1973-இல் இந்த மேட்டைச் சமன் செய்து வீடு கட்டுவதற்காக புல்டோசர் வந்தபோது, கரோலிஸ்டா பாம் என்ற பெண்மணி அதன் எதிரே போய் நின்று மறித்தார். அதிலிருந்து எழுந்த இயக்கத்தால் 1975-இல் இது மாநிலப் பூங்காவானது. அவர் அன்று நின்றிராவிட்டால் என் தோளுக்கு இன்று வலி வந்திருக்காது.

இந்தப் பக்கத்துக்கே பறப்பதில் ஒரு ராசி உண்டு. மேட்டிலிருந்து காரில் பத்துப் பதினைந்து நிமிடம் போனால் கில் டெவில் ஹில்ஸ். ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று முதல் விமானத்தை ஓட்டிய இடம். அன்றைய முதல் பறப்பு 12 நொடி, 120 அடி. நமக்குப் பாடப் புத்தகத்தில் சொல்லித் தந்தது அவ்வளவுதான். அதற்கு முந்தைய வருடங்களில் அவர்கள் இதே கரையின் மணல் மேடுகளிலிருந்து எஞ்சின் இல்லாத கிளைடரில் நூற்றுக்கணக்கான தடவை சறுக்கிப் பழகியதை யாரும் சொல்லித் தரவில்லை. அவர்களுக்கும் முன்னோடி ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால். பழகுவதற்கு மேடு கிடைக்கவில்லை என்று 1894-இல் பெர்லின் அருகே தானே ஒரு மண் குன்றைக் கட்டிக்கொண்டவர். 15 மீட்டர் உயரம், கவிழ்த்து வைத்த புனல் மாதிரி. காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அதற்கு எதிராக ஓடிக் குதிக்கலாம். 1896-இல் வேறொரு மலையிலிருந்து பறந்தபோது விழுந்து இறந்துபோனார். இந்தக் கடைசி வரியை அன்று காரில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

பயிற்சிக் கூடத்தில் முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இரண்டு பக்கம். அடி படலாம், எலும்பு முறியலாம், உயிரும் போகலாம், எல்லாம் தெரிந்தே சம்மதிக்கிறேன் என்ற பாணியில் பொடி எழுத்து. மகள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். பிறகு இன்னொரு படிவத்தை என் பக்கம் தள்ளி, பேனாவையும் மேலே வைத்தாள். ஒன்றும் பேசவில்லை.

அந்தப் படிவத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் 21 வருடம் பின்னால் போக வேண்டும்.

2003-இல் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். என்.சி.சி.யில் இருந்தாள். ஒரு முகாமில் பாராசெயிலிங் உண்டு என்று குதித்துக்கொண்டு வந்தாள். ஜீப்பில் கயிறு கட்டி இழுப்பார்கள், பாராசூட் ஆளை மேலே தூக்கும். அதற்குத் தகப்பனாரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். நான் அப்போது கிளை மேலாளர். ஒரு நாளைக்கு இருநூறு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன். அந்த ஒரு கையெழுத்தை மட்டும் போடவில்லை. கூடாது என்று நேராகச் சொல்லியிருந்தாலாவது மரியாதை. அதுவும் சொல்லவில்லை. "பார்க்கலாம்மா" என்று வாங்கி மேஜை டிராயரில் வைத்தேன். கடைசித் தேதி போன பிறகு "அடடா, மறந்தே போச்சு" என்றேன். அவள் ஒரு நாள் சாப்பிடவில்லை. பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்போடு நானும் கையெழுத்துப் போட்டேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னேன். பயிற்சியாளர் சில கேள்விகள் கேட்டுவிட்டு, ஓட முடியுமா என்றார். தினமும் காலையில் நான்கு கிலோமீட்டர் நடக்கிறேன் என்றேன். போதும் என்றார். அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் மகளும் நானும் என் மனைவியின் பெயரையே எழுதியிருந்தோம். அவள் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் நான் ஒருத்திதானா? நல்லா இருக்கு!" என்று புளியோதரைப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அரை மணி நேரம் பாடம். ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். கிளைடர் என்பது பெரிய விஷயமே இல்லை. அலுமினியக் குழாய்கள், மேலே இழுத்துக் கட்டிய பாலியெஸ்டர் துணி, கீழே முக்கோணமாக ஒரு சட்டம். நாம் ஹார்னஸ் மாட்டிக்கொண்டு நடுவில் தூளி போலத் தொங்குவோம். எஞ்சின் இல்லை, சுக்கான் இல்லை, பிரேக் இல்லை. நம் உடம்பின் எடைதான் எல்லாம். முக்கோணத்தின் கீழ்க் கம்பியை நம் பக்கம் இழுத்தால் உடம்பு முன்னால் நகரும், மூக்கு இறங்கும், வேகம் கூடும். தள்ளினால் உடம்பு பின்னால் போகும், மூக்கு ஏறும், வேகம் குறையும். அளவுக்கு மீறித் தள்ளினால் இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் தொப்பென்று இறங்கிவிடும்.

பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, தரையைப் பார்க்காதீர்கள். எங்கே போக வேண்டுமோ அங்கே பாருங்கள். இரண்டாவது, கம்பியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். விரலால் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். "பயம் வந்தால் எல்லோரும் கம்பியை இறுகப் பிடித்துத் தள்ளுவார்கள். விழுவதே அதனால்தான்" என்றார்.

இந்த இறக்கையைக் கண்டுபிடித்தவரைப் பற்றியும் சொன்னார்கள். ஃபிரான்சிஸ் ரொகாலோ. விமான ஆராய்ச்சி நிலையத்துப் பொறியாளர். அவரும் மனைவி கெர்ட்ரூடும் 1948-இல் வீட்டில் இருந்த சமையலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து, விறைப்பான சட்டம் இல்லாத ஒரு பட்டத்தைப் பறக்கவிட்டார்களாம். அந்தப் பட்டத்தின் பேரப்பிள்ளைதான் இன்றைய ஹேங் கிளைடர். விண்வெளியிலிருந்து திரும்பும் கலத்தை இறக்குவதற்கு உதவுமா என்று நாசாவும் பரிசோதித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பாராசூட்டே போதும் என்று விட்டுவிட்டது. 1963-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் டிக்கென்சன் என்பவர் கீழே அந்த முக்கோணச் சட்டத்தைச் சேர்த்தார். ரொகாலோ ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கடற்கரைக்கே குடிவந்து, இதே மேட்டில் தாமும் பறந்தார் என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஓய்வு பெற்றவர்களின் சங்கத்தில் அவரும் ஒருவர்!

ஹெல்மெட்டும் ஹார்னஸுமாக மணலில் ஏறத் தொடங்கினோம். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும் மணல். உச்சியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறு பக்கம் அமைதியான காயல். தென்மேற்குக் காற்று, மணிக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும் என்றார்கள். கீழே பேரன் பட்டத்தை மேலேற்றிவிட்டான். மனைவி பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். குடையும் பறக்கப் பார்த்தது.

எங்கள் குழுவில் ஆறு பேர். ஒரே கிளைடர். ஒவ்வொருவராகப் போக வேண்டும். இரண்டு பக்கமும் பயிற்சியாளர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருவார்கள். முதலில் நட, பிறகு ஓடு, பிறகு இன்னும் வேகமாக ஓடு. எப்போது குதிக்க வேண்டும் என்று கேட்டேன். குதிக்கவே கூடாதாம். ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் காலுக்குக் கீழே தரை இருக்காதாம்.

என் முதல் முறையில் தரை கடைசிவரை காலுக்குக் கீழேயே இருந்தது. மேட்டில் பாதி தூரம் ஓடி நின்றேன். இரண்டாம் முறை சட்டென்று தூக்கியது. நாலடி இருக்கும். "ஐயோ" என்று கம்பியை இறுகப் பிடித்து முழுக்கத் தள்ளினேன். மூக்கு நிமிர்ந்தது, இறக்கை நின்றது, வலது தோள் முதலில் மணலில் இறங்கியது. வாய் நிறைய மணல். நல்லவேளை, பல் செட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்திருந்தேன். பயிற்சியாளர் ஓடி வந்து கையைத் தூக்கச் சொன்னார், சுழற்றச் சொன்னார். எல்லாம் சுழன்றது. வலி மறுநாள்தான் வந்தது.

எனக்கு விழுந்தது பெரிதில்லை. அடுத்து மகள் போகும்போது பார்த்துக்கொண்டு நின்றேனே, அதுதான் கஷ்டம். அவள் ஓடினாள். கால் தரையை விட்டது. கயிற்றோடு ஓடிய இரண்டு பையன்களின் தலைக்கும் மேலே இருந்தாள். நான் மணலில் நின்றபடியே ஒரு கம்பியைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கைகளையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி நின்று கையை ஆட்டிய பிறகுதான் அதைக் கவனித்தேன். நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

அடுத்த முறைக்குக் காத்திருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் மணல். நான் சொன்னேன்.

"அம்மாடி, அந்த என்.சி.சி. ஃபார்ம். நான் அதை மறக்கலை."

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"டிராயர்ல பார்த்தேன். கடைசித் தேதிக்கு மூணு நாள் முன்னாடியே. உங்க கையெழுத்து எனக்குப் போடத் தெரியும். ஸ்கூல் டயரில எத்தனை தடவை போட்டிருக்கேன்! அதுல மட்டும் போடலை."

எனக்குப் பேச்சு வரவில்லை. சற்று நேரம் கழித்து அவளே சொன்னாள். "சித்தப்பாகிட்ட போய் அழுதேன். அவர்தான் மாடிக் கதையைச் சொன்னார்."

என் தம்பியைப் பற்றி இங்கே முன்பு எழுதியிருக்கிறேன். இடது கால் சற்றே குட்டை, சாய்ந்து நடப்பான் என்றும், சின்ன வயதில் மாடியிலிருந்து விழுந்தான் என்றும் எழுதினேன். முழுதும் எழுதவில்லை. 1970, கோடை விடுமுறை, உறையூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் கிடையாது. எனக்கு 13 வயது, அவனுக்கு 10. நூல்கண்டு என் கையில். பட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தான். "இன்னும் பின்னால போ, இன்னும் பின்னால போ" என்று சொன்னது நான். என் கண் பட்டத்தின் மேல் இருந்தது. அவன் கால் மேல் இல்லை. அப்பா கேட்டபோது "தானா விழுந்துட்டான்" என்றேன். தம்பி அதை மறுக்கவில்லை. இந்த 54 வருடத்தில் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"சித்தப்பா என்ன சொன்னார்?"

"'உங்கப்பா போட மாட்டார், விட்டுடு. அவரை அதுக்காகக் கோவிச்சுக்காதே'ன்னு சொன்னார். ஆனா நான் கோவிச்சுக்கிட்டேன்பா. ரொம்ப நாள்." மணலை ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டாள். "மறந்துட்டேன்னு நீங்க சொன்னதுக்குத்தான் கோவம். மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். "தப்புதாம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. எங்கள் முறை வந்துவிட்டது, எழுந்தோம்.

மூன்றாவதும் நான்காவதும் சுமார். கால் மணலைத் தொட்டும் தொடாமலும் தத்திக்கொண்டு போனேன். மகளின் நான்காவதுதான் அன்று எங்கள் குழுவிலேயே அழகு. ஒன்பது நொடி என்று பேரன் கைக்கடிகாரத்தில் பார்த்துச் சொன்னான். கடைசியில் கம்பியை முழுக்கத் தள்ளி, பறவை கிளையில் அமர்வதுபோல இரண்டு காலில் இறங்கி நின்றாள்.

என் ஐந்தாவது. மூச்சு வாங்கியது. காயலுக்கு அப்பால் தெரிந்த மரக் கூட்டத்தைப் பார்க்கச் சொன்னார் பயிற்சியாளர். பார்த்தேன். நட, ஓடு, ஓடு. ஹார்னஸ் தோளைக் கவ்வித் தூக்கியது. ஓடிக்கொண்டே இருந்தேன், ஆனால் கால் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. கை இறுகப் பார்த்தது. விரலைத் தளர்த்தினேன். கிளைடர் அதுபாட்டுக்குப் போயிற்று. துணி படபடப்பது நின்று ஒரே ஓசையாக, சோளக்காட்டில் காற்று புகுந்தது மாதிரி கேட்டது. கீழே என் நிழல் மணலில் ஓடி வந்தது. முக்கோணமாக, பெரிதாக. பட்டத்தின் நிழல்! அவ்வளவுதான், மணல் வந்துவிட்டது. கம்பியைத் தள்ளினேன். முழங்கால் போட்டு இறங்கினேன், ஆனால் விழவில்லை. ஐந்து நொடி, ஐம்பது அடி இருக்கலாம். ரைட் சகோதரர்களின் சாதனை பத்திரமாக இருக்கிறது.

மனைவி பல் செட்டைக் கொடுத்துவிட்டு, "போதுமா? சாப்பிட வாங்க" என்றாள். அன்று சாப்பிட்ட புளியோதரையில் பாதி மணல். ஒருவரும் குறை சொல்லவில்லை.

ராத்திரி ராலே திரும்பியதும் திருச்சியில் விடிந்துவிட்டது என்று தம்பிக்குப் போன் செய்தேன். பறந்த கதை முழுதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"எவ்வளவு நேரம் பறந்தே அண்ணே?"

"அஞ்சு செகண்டு."

"பரவாயில்லையே. எனக்கு ஒரு செகண்டுகூட இல்லை" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் மறுபடி கேட்டான். "கயிறு யாரு பிடிச்சிருந்தாங்க?"

"ரெண்டு பசங்க. கூடவே ஓடி வந்தாங்க."

"அதான்" என்றான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், "தம்பி, அன்னிக்கு அப்பாகிட்ட நான் சொன்னது பொய்டா" என்றேன். "தெரியும். தோளுக்குத் தைலம் தடவிட்டுப் படு" என்று போனை வைத்துவிட்டான்.

தோள் இப்போது தேவலை. மகள் அடுத்த கட்டப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டாள். இந்த முறை என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். நானும் "பார்க்கலாம்மா" என்று சொல்லவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த பதிவில் ரைட் சகோதரர்களின் நினைவிடம் போய் வந்ததை எழுதுகிறேன். அங்கே விழவில்லை.